ஐந்து லட்சம் பறவைகள்... அம்மா, அப்பாவுக்கு ஒரு டானிக்!

மகனோ மகளோ இங்கிலாந்தில் இருக்கிறார்களா? "வந்து ஆறு மாசம் எங்களோட இருந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிடுகிறார்களா? சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஆனால், ஏற்கெனவே போய் வந்தவர்களிடம் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

முதல் இரண்டு வாரம் அமர்க்களம்தான். அரண்மனை, மியூசியம், தேம்ஸ் நதி, கோயில் என்று எல்லாம் பார்த்தாகிவிடும். அப்புறம்? பிள்ளைகள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்க முடியாது. வெளியே குளிர், உள்ளே டி.வி.! ஊரில் மார்க்கெட், பால் பூத், கோயில் என்று தினமும் நடந்த கால்கள் சோபாவில் முடங்கிவிடும். மெல்ல ஷுகர் ஏறும். முட்டி பிடித்துக்கொள்ளும். ராத்திரி தூக்கம் வராது. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் புழுங்குகிற பெரியவர்கள் நிறையப் பேர்.

இவர்களுக்கு ஒரு நல்ல டானிக் இருக்கிறது. பாட்டிலில் வராது. கடலோரத்தில் கிடைக்கும். ஒரு குழுவோடு சேர்ந்து, கடற்பறவைகள் கூடு கட்டும் பாறைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவதுதான் அந்த டானிக்!

"பறவை பார்க்கவா அவ்வளவு தூரம்? நம்ம ஊர்ல இல்லாத காக்காவா, குருவியா?" என்று சிரிக்காதீர்கள். மேலே படியுங்கள்.

எங்கே இருக்கிறது இந்தப் பறவைக் கோட்டை?

இங்கிலாந்தின் வடகிழக்கில், யார்க்‌ஷையர் கடற்கரையில் பெம்ப்டன் என்று ஒரு சின்ன கிராமம். அதன் ஓரத்தில் வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்புப் பாறை, வட கடலைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கிறது. உயரம் 100 மீட்டருக்கு மேல். அதாவது, ஏறக்குறைய முப்பது மாடிக் கட்டடம்! அந்தச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு விளிம்பிலும், ஒவ்வொரு பொந்திலும் பறவைகள். மார்ச் முதல் அக்டோபர் வரை சுமார் ஐந்து லட்சம் கடற்பறவைகள் இங்கே வந்து, முட்டையிட்டு, குஞ்சு வளர்த்துவிட்டுப் போகின்றன.

வேடந்தாங்கலில் மரத்துக்கு மரம் கூடு பார்த்திருப்பீர்கள். அங்கே மரம், இங்கே பாறை. அவ்வளவுதான் வித்தியாசம். சத்தம், சண்டை, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் அதே மாதிரிதான். வாசனை மட்டும் காசிமேடு மீன் மார்க்கெட்டைத் தோற்கடிக்கும்!

இந்த இடத்தைப் பராமரிப்பது ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம். பெண்கள் தொப்பியில் இறகு செருகும் நாகரிகத்துக்காகப் பறவைகளைக் கொன்று குவித்ததை எதிர்த்து, 1889-ல் பெண்களே தொடங்கிய சங்கம் இது.

இங்கே யார் யார் குடியிருக்கிறார்கள்?

உச்சியில் கேனட். பிரிட்டனின் மிகப் பெரிய கடற்பறவை. சிறகை விரித்தால் ஆறடி! முப்பது மீட்டர் உயரத்திலிருந்து அம்பு மாதிரி கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும். தண்ணீரில் மோதும் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கும். மண்டை உடையாதா? உடையாது. முகத்திலும் மார்பிலும் தோலுக்கு அடியில் இருக்கும் காற்றுப் பைகள் தலையணை மாதிரி அடியைத் தாங்கிக்கொள்ளும்.

நடு அடுக்குகளில் கிட்டிவேக். சிறகு நுனியை மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். தன் பெயரைத் தானே சொல்லிக் கூவும். சேற்றையும் புல்லையும் குழைத்துச் சுவரிலேயே கூட்டை ஒட்ட வைக்கும் கெட்டிக்காரப் பறவை இது.

சின்னப் பொந்துகளில் பஃபின். கோமாளி மாதிரி வண்ண மூக்கு. பேரப் பிள்ளைகளுக்கு இதுதான் ஹீரோ. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் போனால்தான் தரிசனம் கிடைக்கும். கருப்புக் கோட்டு போட்ட ரேசர்பில், கிட்டே போனால் நாற்றமடிக்கும் எண்ணெயைத் துப்பும் ஃபுல்மார் ஆகியவையும் உண்டு.

நம் மனசைப் பிசைவது கில்லமாட். கூடே கட்டாது. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. முட்டை பேரிக்காய் வடிவத்தில் இருப்பதால் சரிவான பாறையிலும் நிலையாக நிற்கும். ஒவ்வொரு முட்டையிலும் புள்ளியும் கோடும் வேறு வேறு. ஆயிரம் முட்டைக்கு நடுவிலும் தன் முட்டை எதுவென்று தாய்க்குத் தெரியும். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், ஒரு சாயங்கால நேரம் அப்பா பறவை கீழே கடலில் இருந்து கூப்பிடும். சரியாகப் பறக்கக்கூடத் தெரியாத குஞ்சு, முப்பது மாடி உயரத்திலிருந்து குதித்துவிடும்! பிறகு பல வாரங்கள் நடுக்கடலில் அப்பாதான் அதற்குத் துணை. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஏர்போர்ட் வாசலில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உடம்புக்கு என்ன லாபம்?

முதலில் மனசு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 1,292 பேரின் மனநிலையை செல்போன் மூலம் தினமும் கேட்டுப் பதிவு செய்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்த, அதன் குரலைக் கேட்ட நேரங்களில் மனசு லேசாக இருந்ததாகச் சொன்னார்கள். அந்த நல்ல விளைவு எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு நோய் இருந்தவர்களுக்கும்தான்!

அடுத்தது பொதுவான ஆரோக்கியம். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், பூங்கா, கடற்கரை என்று இயற்கையோடு கழித்தவர்கள், அப்படிக் கழிக்காதவர்களைவிட "நன்றாக இருக்கிறேன்" என்று அதிகமாகச் சொன்னார்கள். வயதானவர்கள், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் எல்லோரிடமும் இதே கதைதான். அந்த 120 நிமிடத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் சரி, பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் சரி. இதெல்லாம் மருந்துக்கு மாற்று என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்தோடு சேர்ந்த துணை, அவ்வளவுதான்.

கண்ணுக்கும் ஓய்வு. டி.வி.யையும் செல்போனையும் அருகில் வைத்துப் பார்க்கும்போது கண்ணின் உள் தசை இறுகியே இருக்கும். தூரத்தில் பார்க்கும்போது அது தளரும். பவர் குறையாது; ஆனால் களைப்பு குறையும்.

கழுத்து வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. காட்டில் பறவை பார்க்க அண்ணாந்து அண்ணாந்து கழுத்து போய்விடும். இங்கே நீங்கள் பாறையின் மேலே. பறவைகள் உங்கள் கண் மட்டத்திலும் கீழேயும்!

தனியாகப் போகாதீங்க!

பிரிட்டனில் ஊருக்கு ஊர் பறவை பார்ப்போர் குழுக்கள் இருக்கின்றன. ஆர்.எஸ்.பி.பி.க்கே உள்ளூர்க் கிளைகள் பல உண்டு. கோச் பஸ் எடுத்துக்கொண்டு நாள் பயணம் போவார்கள். உறுப்பினராக இல்லாதவர்களையும் பல குழுக்கள் சேர்த்துக்கொள்ளும். இந்தக் குழுக்களில் நிறையப் பேர் ரிட்டயர் ஆனவர்கள். அதாவது உங்கள் செட்!

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதே" என்று தயங்க வேண்டாம். பறவை பார்ப்பவர்களுக்குப் பேச்சு குறைவு. கடிகார முள் பாஷைதான் அங்கே பொதுமொழி. நேர் எதிரே பன்னிரண்டு மணி. வலது கைப் பக்கம் மூன்று மணி. "பஃபின், டூ ஓ க்ளாக்!" என்றால் இரண்டு மணி முள் இருக்கும் திசையில் பாருங்கள். அரை மணியில் பழகிவிடும். டெலஸ்கோப் வைத்திருப்பவர் "வாங்க, பாருங்க" என்று தானாக இடம் விடுவார். அங்கே தொடங்கும் பழக்கம், அடுத்த வாரம் பக்கத்துப் பூங்காவில் வாக்கிங் துணையாகத் தொடரும். வெளிநாட்டில் வயசானவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது இந்தத் துணைதான்.

குழுவாகப் போவதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உங்களுக்குத் தலை சுற்றினால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும். நடையும் நின்று நின்று மெதுவாகத்தான் இருக்கும். முட்டி வலிக்காரர்கள் ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துக்கொண்டால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் போகக்கூடிய பார்வை மேடைகள் பெம்ப்டனில் இருக்கின்றன.

கிளம்பும் முன் கவனியுங்கள்

* பயண நாளில் "அடிக்கடி பாத்ரூம் போகணுமே" என்று பி.பி.க்கான நீர் மாத்திரையை நிறுத்துவது, தண்ணீரே குடிக்காமல் இருப்பது, இரண்டும் நம்மவர்களின் வழக்கம். இரண்டுமே ஆபத்து. மாத்திரையை எந்த நேரத்தில் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்வையாளர் மையத்தில் கழிப்பறை வசதி உண்டு. பாறைப் பக்கம் நடக்கும் முன் போய்விட்டு வந்துவிடுங்கள்.

* ஷுகர் உள்ளவர்கள் கைப்பையில் பிஸ்கட்டும் சர்க்கரை மிட்டாயும் வைத்திருக்க வேண்டும். நடையும் குளிரும் சேர்ந்து ஷுகரை இறக்கிவிடலாம். இன்சுலினை வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். செருப்பு வேண்டாம். விரல் மூடிய, பழகிய ஷூ போடுங்கள். திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள், கொப்புளம் இருக்கிறதா என்று.

* ஜூன் மாதம்தானே என்று மெல்லிசுப் புடவையோடு கிளம்பாதீர்கள். வட கடல் காற்று எலும்பு வரை போகும். இரண்டு மூன்று அடுக்காக உடுத்தி, மேலே காற்றுத் தடுப்பு ஜாக்கெட் போடுங்கள். காதை மூடுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

* லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது பெரியவர்களுக்குச் சிரமம். பக்கத்தில் இருக்கும் பிரிட்லிங்டன் என்ற கடற்கரை ஊரில் ஓர் இரவு தங்கலாம். பஸ்ஸில் பல மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் இறங்கி நாலு எட்டு நடங்கள்.

* சாப்பாடு? இட்லி மிளகாய்ப்பொடி, புளிசாதம், பிளாஸ்கில் சூடாக காபி. குளிரில் தயிர் சாதம்கூட கெடாது!

பைனாகுலர் வாங்குகிறீர்களா?

பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். கையடக்கமான '8-க்கு 42' போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு வாங்கினால், வயதான கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும்!

மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பைனாகுலரின் கண் பக்கம் இருக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டு, கண்ணாடியோடு பாருங்கள். முதலில் வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது பக்க வளையத்தைத் திருகுங்கள். ஒரு தடவை சரி செய்தால் அப்புறம் நடுச் சக்கரம் மட்டும் போதும். பைனாகுலரால் சூரியனைப் பார்க்கவே கூடாது. பேரப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

பாறை ஓரத்தில் விளையாட்டு வேண்டாம்

சுண்ணாம்புப் பாறையின் விளிம்பு பார்க்கத்தான் உறுதி. மழையிலும் காற்றிலும் அரித்து, அடியில் ஒன்றும் இல்லாமல் புல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. வேலியைத் தாண்டாதீர்கள். "இன்னும் ஒரே ஒரு ஸ்டெப் பின்னாடி போங்கப்பா" என்று போட்டோ எடுப்பவர் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள்.

ஒரு விதியை மட்டும் மறக்கக்கூடாது. பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது கால் நகரக்கூடாது. கால் நகரும்போது பைனாகுலர் மார்பில் தொங்க வேண்டும்.

உயரத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறதா? கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 999-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். பாறையிலிருந்து யாராவது விழுந்தால் இதே எண்ணில் 'கோஸ்ட்கார்ட்' என்று கேட்க வேண்டும். மருந்துச் சீட்டு, இன்ஷூரன்ஸ் காகிதம் இரண்டின் நகலும் பையில் இருக்கட்டும்.

செத்துக் கிடக்கும் பறவையை யாரும் தொடக்கூடாது. 2022-ல் பரவிய பறவைக் காய்ச்சல் பிரிட்டனின் கடற்பறவைகளை, முக்கியமாக கேனட்களை, ஆயிரக்கணக்கில் கொன்றது. மனிதர்களுக்குத் தொற்றுவது அபூர்வம்தான். ஆனாலும் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

படகில் போகலாமா?

கோடையில் பிரிட்லிங்டன் துறைமுகத்திலிருந்து படகில் போய், கீழேயிருந்தும் பாறையைப் பார்க்கலாம். குமட்டல் பழக்கம் உள்ளவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமலும், வெறும் வயிற்றோடும் இல்லாமல் ஏறுங்கள். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். அசையும் படகில் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டே இருந்தால் குமட்டல் நிச்சயம். இஞ்சித் துண்டு சிலருக்கு உதவும். குமட்டல் மாத்திரை தூக்கம் வரவழைக்கும். க்ளாக்கோமா, புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

காப்பாற்றப்பட்ட கோட்டை

இன்று நாம் பார்க்கும் கூட்டம் சும்மா வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உல்லாசப் பயணிகள் படகில் வந்து, கூட்டில் இருக்கும் பறவைகளைச் சும்மா பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். பசித்த குஞ்சுகள் விளிம்பிலேயே செத்தன. ஊர் மக்கள் கொதித்தார்கள். பனிமூட்டத்தில் பாறை இருப்பதை மாலுமிகளுக்கு எச்சரித்ததே இந்தப் பறவைகளின் கூச்சல்தான் என்ற வாதமும் எழுந்தது. பாதிரியார்கள் முன்நின்றார்கள். கிறிஸ்டோபர் சைக்ஸ் என்ற எம்.பி. மசோதா கொண்டுவந்தார். 1869-ல் சட்டம் வந்தது. காட்டுப் பறவைகளைக் காக்க பிரிட்டனில் வந்த முதல் சட்டம் அது. கயிற்றில் தொங்கி முட்டை எடுக்கும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. 1954-ல் வந்த சட்டத்தோடு அதற்கும் முற்றுப்புள்ளி.

பலன்? 1960-களில் சொற்பமாக இருந்த கேனட்கள், 2017 கணக்கெடுப்பில் 13,000 ஜோடிகளுக்கு மேல்! ஆனால் கிட்டிவேக்கும் பஃபினும் உலக அளவில் குறைந்து வருகின்றன. கடல் சூடாவதால், இவை குஞ்சுக்கு ஊட்டும் 'சாண்ட் ஈல்' என்ற விரல் நீள மீன் கிடைப்பது கஷ்டமாகிறது. 2024-ல் பிரிட்டன், வட கடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடலிலும் அந்த மீனைப் பிடிக்கத் தடை விதித்தது. நாம் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். சத்தம் போடாமல் பார்ப்பது, தீனி போடாமல் இருப்பது, பிளாஸ்டிக் கவரைக் காற்றில் பறக்க விடாமல் இருப்பது.

மொட்டை மாடியிலேயே ரிகர்சல்!

விசா வரும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையிலேயே மொட்டை மாடிக்குப் போங்கள். செல்போனைக் கீழேயே வைத்துவிடுங்கள். இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மைனா, கிளி, செம்போத்து, கரிச்சான் என்று எத்தனை வகை வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் கண்ணும் காதும் கூர்மையாகும். மாடிப்படி ஏறி ஏறிக் காலும் தயாராகிவிடும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, அப்பா வந்தால் ஷாப்பிங் மாலுக்குக் கூட்டிப் போவது சுலபம்தான். மே, ஜூன் மாதங்களில் ஒரு சனிக்கிழமையை மட்டும் அந்தப் பாறைக்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பாருங்கள். "அதோ பாருங்கப்பா, அப்பா பறவை குஞ்சைக் கூப்பிடுது!" என்று நீங்கள் காட்டும் அந்த நிமிடத்தில், ஆறு மாதத் தனிமையும் அவர்களுக்கு மறந்துபோகும்.